புதன்கிழமை மதியம் வராத திருடன்

மழை தொடங்கிவிட்டது. இன்று அலமாரியைத் திறந்ததும் குப்பென்று தோல் வாசனை. நீ கொடுத்த கைப்பைதான், தாராவியில் உன் வாப்பாவின் பட்டறையில் தைத்தது. பூசணம் பூத்துக் கிடந்தது. துடைக்கத் துணி எடுத்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதே பழைய பயம். இத்தனை வருஷம் கழித்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, இது என்ன பயமடீ!

எண்பதுகளின் கடைசி. பம்பாய் ஃபோர்ட்டில் நம் சரக்குக் கப்பல் ஆபீஸ். ஏசி அறையில் இரண்டு டெர்மினல், ஒன்றில் நீ, ஒன்றில் நான். நமக்கு மட்டுமா, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. திடீரென்று புக்கிங் ஃபைல்கள் காணாமல் போக ஆரம்பித்தன. யாரோ உட்கார்ந்து அழிக்கிறார்கள். அழித்த நேரத்தை மெஷின் குறித்து வைத்தது, அழித்த கையை அதற்குத் தெரியவில்லை.

அப்போதுதான் டெல்லியிலிருந்து அந்தக் கன்சல்டன்ட் வந்தான். ‘ஹாக்கர்’ என்ற சொல்லை அவன் வாயால்தான் முதலில் கேட்டோம். கொலைகாரனைப் பார்க்காமலேயே அவன் செய்த காரியத்தை வைத்து ஆளை வரைந்துவிடும் வித்தை வெளிநாட்டுப் போலீஸிடம் இருக்கிறதாம், அதையே கம்ப்யூட்டர் திருடனுக்கும் போடலாமாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். தூக்கம் வருகிறதா, அப்பாவோடு சண்டை உண்டா, தனியாக இருக்கப் பிடிக்குமா என்றெல்லாம் கேட்டான். நான் அசடு, எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் நம் சூப்பரின்டென்டென்ட் சார் உட்கார்ந்து, “நல்ல பொண்ணுதான். என்ன, யாரோடயும் பேசமாட்டா” என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாட்டுங்காவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. கோவிலில் பார்த்தால் மாமா என்று கூப்பிடுவேன்.

வியாழக்கிழமை, தான் வரைந்த ஆளின் அடையாளத்தை எல்லோர் முன்னாலும் படித்தான். வயது இருபத்தைந்துக்குள், தனிமை விரும்பி, மெஷின் பைத்தியம், பிரமோஷன் கிடைக்காத கோபம். படிக்கப் படிக்க ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. என் காது இரண்டும் கொதித்தன. அவன் வரைந்தது அச்சு அசல் நான்! மறுநாளைக்குள் யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் போலீஸ் என்றான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வீட்டோடு இருந்த சமயம் அது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. போலீஸ் ஜீப் எங்கள் கட்டடத்து வாசலில் வந்து நின்றால் அப்பா தாங்கமாட்டார்.

அன்று சாயங்காலம் ரயிலில், லேடீஸ் டப்பாவில், நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபைல் அழிந்த நேரங்கள் அச்சான தாளையே முறைத்துக்கொண்டு வந்தாய். பைகுல்லா தாண்டியதும் சொன்னாய்.

“ஏட்டி, புதன்கிழமை நாம சாப்பிடப் போறப்ப ரூம் காலிதான? மத்த நாளெல்லாம் அந்த நேரத்துலதான் கைய வச்சிருக்கான். புதன்கிழமை மட்டும் ஏன் வரல?”

“நேக்கென்னடீ தெரியும்?”

“வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரல. செவ்வா சாயங்காலம் டீ டயத்துக்கு வரல. இதெல்லாம் எங்க வாப்பா கடையில ஆளில்லாம சாப்பிட உக்காருத நேரம். நம்மூர்க்காரங்க ஒருத்தரும் அப்ப வந்து பை வாங்கமாட்டாங்க.”

ராகு காலம்! பிறந்ததிலிருந்து தினமும் காதில் விழுந்த சமாசாரம் எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது. திருடுவதற்குக்கூட நல்ல நேரம் பார்த்திருக்கிறான். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. உன் முகம் மாறிவிட்டதைப் பார்த்துவிட்டேன். ஏசி அறைக்குள் போய்வருகிறவர்களில் ராகு காலம் பார்க்கும் வீட்டிலிருந்து எத்தனை பேர்? சார் ஒருவர். நான் ஒருத்தி.

தாதரில் கும்பல் ஏறி நம்மை நெருக்கியது. நீ என் காதோடு கேட்டாய்.

“ஏட்டி, நீதானா?”

உலகமே சந்தேகப்பட்டபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. நீயுமா!

“நான் இல்லடீ. சத்தியமா நான் இல்ல.”

“சரி” என்றாய். தாளை மடித்தாய். “அப்ப நாளைக்கு அவன்கிட்ட சொல்லிருதேன்.”

“ஐயோ, வேண்டாம்! சொன்னா என்னைத்தான் பிடிப்பான். நான்தான் மாட்டுங்கா, நான்தான் மடிசார் வீடு!”

“பிடிக்கட்டும், பாப்போம்” என்றாய். உன் நெஞ்சழுத்தத்தைக் கண்டு அன்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணி வாக்கில் நீ எழுந்தாய். உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, “ராகு காலத்துல போகாதேடீ” என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு கேபினுக்குள் போய்விட்டாய்.

உன் பம்பாய் ஹிந்தியில் மடமடவென்று சொல்லி முடித்தாய். கன்சல்டன்ட் முதலில் பார்த்தது என்னை. பிறகு பக்கத்தில் திரும்பி, “நீங்களும் மதராஸிதானே, அப்படி ஒரு வழக்கம் உண்டா?” என்று சாரைக் கேட்டான்.

உண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், நான் மாட்டியிருப்பேன். பயந்துபோன மனுஷன் அவசரப்பட்டுவிட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. இவ ஏதோ கதை கட்டறா.”

டீ வைக்க வந்திருந்த ரத்னகிரி பியூன் சிரித்துவிட்டான். “க்யா சாப்! வெள்ளிக்கிழமை இந்த நேரத்தில் நீங்கள் பேனா மூடியைக்கூடத் திறப்பதில்லையே” என்றான் ஹிந்தியில். அவனுக்கு அது வெறும் வேடிக்கை. சாரின் சட்டைப்பையில் மூடியோடு பேனா இருந்தது.

அவர் கன்சல்டன்டைப் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துத் தமிழில் சொன்னார். “இந்த மெஷின் நின்னுபோனாத்தாம்மா என் கிளார்க்குகளுக்குப் பொழைப்பு. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரா.” நம் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். வயது ஐம்பத்தாறு, ஆபீஸில் அத்தனை பேருக்கும் வேண்டியவர், மெஷினைக் கண்டாலே வெறுப்பு. டெல்லிக்காரனின் படத்தில் ஒரு கோடுகூட அவருக்குப் பொருந்தவில்லை. போலீஸ் இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோவிலில் அவர் வீட்டு மாமி என்னைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவாள். பிழைத்தேன் என்று சந்தோஷப்பட என்னால் அன்றும் முடியவில்லை. அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது அவர்களுக்கு!

தூக்கத்தைப் பற்றி, அப்பாவைப் பற்றி, கோபத்தைப் பற்றி எல்லாம் கேட்டான் அந்த மனுஷன். நீ செய்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஒருத்திதான் கேட்டாய். நான் பதில் சொல்லி நீ ‘சரி’ என்பதற்குள் ஒரு மூச்சு நேரம் இருந்தது பார், அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

உன் மகள் நிக்காஹ்வுக்கு வந்தபோதுதான் ஒருவழியாகக் கேட்டேன். “அன்னிக்கு ரயில்ல, நான்தான்னு சொல்லியிருந்தா என்னடீ பண்ணியிருப்பே?”

பிரியாணித் தட்டை என் பக்கம் தள்ள வந்தவள், நான் சைவம் என்று ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டாய். “என்ன பண்ண? சயான் வரைக்கும் போவாம உங்கூட மாட்டுங்காவுலயே எறங்கிருப்பேன். ஒன் வீட்டுல யாரு சொல்லுவா? நீயா சொல்லுவ, பயந்தாங்கொள்ளி?”

நாளைக்கு என் ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து தைரியம் சொல்கிறார்கள். அதே ஸ்லோ லோக்கல் ரயிலில்தான் போய் வாங்கி வரவேண்டும். ரிப்போர்ட்டில் என்ன இருக்குமோ என்றுகூட அவ்வளவு பயமில்லையடீ. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுங்காவில் தனியாக இறங்கவேண்டும்.