உன் எண்ணுக்கு வரும் ஓடிபி

அண்ணா,

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் மறைமலை நகரில் உன் கம்பெனி செக்யூரிட்டியிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திவிட்டேன். நீ சொன்னபடியே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எல்லாவற்றிலும். அப்பா பிடிவாதம் பிடித்த கேளம்பாக்கம் கல்லூரி கடைசியில். நாளை மாலைக்குள் இந்த வரிசையை உறுதி செய்து லாக் செய்ய வேண்டும். பதிவு செய்தது நீ என்பதால் அதற்கான ஓடிபி உன் எண்ணுக்குத்தான் வரும்.

சண்டை உனக்கும் அப்பாவுக்கும்தானே, நான் என்ன செய்தேன்?

"அவன் வரமாட்டாம்மா. சென்டர்ல போய் நம்பர மாத்திக்கோ" என்கிறார் அப்பா. இன்று தாம்பரம் கவுன்சலிங் உதவி சென்டர் வாசல்வரை போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

அந்த எண்ணையும் மாற்றிவிட்டால், உன்னைக் கூப்பிட எனக்கு வேறென்ன காரணம் இருக்கிறது?

உன் தங்கை