இலையும் வாளியும்

இன்று காலை கீரனூரில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் கைபேசியில் சேவல் கூவியது. பக்கத்து இருக்கைப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நம் விளையாட்டில் வாரப் பரிசுப் பெட்டி திறந்துவிட்டது என்பதற்கான சத்தம் அது. பெட்டியைப் பங்கு வைக்க வேண்டியவள் நீ. இப்போது நான்.

இந்த விளையாட்டை எனக்குப் பழக்கியதே நீதான். திருச்சி வேலைக்கு இருவரும் ஒரே பேருந்தில் போய்வந்த காலத்தில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திரையில் உழுவோம், விதைப்போம். பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. வேலையை விட்டாய். டயாலிசிஸுக்குப் போகும் நாட்கள் போக மற்ற நாளெல்லாம் வீட்டில், கையில் கைபேசி. நான் பேருந்தில் பத்து நிமிடம் விளையாடுகிறவளாகவே இருந்தேன். நீ குழுவுக்கே தலைவியாகிவிட்டாய். முகம் தெரியாத அத்தனை பேரும் உன்னை அக்கா என்றார்கள்.

பங்கு வைப்பதில்தான் சண்டை வந்தது. குவைத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் குரல் செய்தியில் குமுறினான். "அக்கா, நாங்க தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு வெளயாடுறோம். பஸ்ஸுல போறப்ப நாலு தட்டு தட்டிட்டுப் போறவங்களுக்கும் அதே பங்கா? என்னங்க நியாயம் இது?"

அன்று நான் உன் கட்டிலோரம் இருந்தேன். அவன் சொன்ன பஸ்ஸில் தட்டுகிறவள் நான்தானே; என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு நீ பேசினாய். "இங்க பாருங்க தம்பி, எங்க கோயில் திருவிழாவுல அசனம் போடுவாங்க, ஊருக்கே சாப்பாடு. மொத நாளே உக்காந்து வெங்காயம் உரிச்சவங்களுக்கும், கடைசிப் பந்திக்கு ஓடியாறவங்களுக்கும் எலை ஒண்ணுதான். ஆனா உரிச்சவங்க வீட்டுக்குப் போறப்ப ஒரு வாளி கொழம்பு கையில போகும். ஒங்களுக்கு வாளி உண்டு. அதுக்காக அவங்க எலைய எடுக்க மாட்டேன்."

"அப்ப வாளி பெருசா இருக்கணும்க்கா."

"அண்டாவே தாரேன், தூக்கிருவீங்களா?"

அன்றிலிருந்து, வாரத்தில் ஒருமுறை எட்டிப்பார்த்தவருக்கும் தானியத்தில் சமபங்கு. அபூர்வ விதைகள் மட்டும் அதிகம் உழைத்தவர்களுக்கு. சண்டை ஓய்ந்தது. தம்பி கடைசியாக ஒன்று சொன்னான்: "ஒங்களுக்கென்னக்கா, நேரம் கெடக்கு நெறைய. வாளி எப்பவும் ஒங்களுக்குத்தான்."

நீ சிரித்தாய். சிரித்து முடித்ததும் என்னிடம், "அந்தப் புள்ளைக்கிட்ட எதுவும் சொல்லிராதடி" என்றாய்.

நீ போன பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீண்ட நாள் தலைவி வராததால் நீ துணைத்தலைவியாக வைத்திருந்த எனக்கு விளையாட்டே தலைமையை மாற்றியது. போன வாரம் தம்பி எழுதினான்: "பழைய அக்கா வெளயாட்ட விட்டுட்டாங்க போல. திருமயத்துல ஒரு நர்ஸ் ரொம்ப நாளா சேரக் கேக்குறாங்க. குழுவுல எடமில்ல. அந்தப் பேர எடுத்துறலாமா?"

நீ இறந்துபோனதை அப்போதுதான் சொன்னேன். அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "எடுக்காதீங்கக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மாதக்கணக்கில் வராதவர்களின் பெயரை எடுக்கும்போது நீ சொல்வாயே, "வாசல்ல ஒருத்தரு பசியோட நிக்கிறப்ப எலை சும்மா காயக் கூடாதுடி" என்று. அந்த விதியை உனக்காக மட்டும் நான் எப்படி மாற்றுவேன்? உறுதியாக நீக்கவா என்று திரை கேட்டது. அழுத்தினேன். நீ நட்ட மரங்கள், உன் நீல வீடு, எல்லாம் ஒரு நொடியில் போய் வெறும் பச்சை நிலம் தெரிந்தது. உன்னை மண்ணில் வைத்த அன்று வராத அழுகை, அலுவலகத்தில் என் மேசையில் வந்தது.

நர்ஸ் சேர்ந்துவிட்டாள். "டூட்டி மாறி மாறி வரும், அப்பப்பதான் வருவேன், பரவாயில்லைங்களா?" என்று கேட்டாள். வாங்க என்றேன்.

அவசரமாக வந்து போகிறவர்களிடம் நான் காரணம் கேட்பதில்லை. நாள் முழுக்க இருப்பவர்களைத்தான் இப்போதெல்லாம் கேட்கிறேன்; உனக்கு அவ்வளவு நேரம் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியுமே. இன்று பெட்டியைப் பங்கு வைத்தபோது, வாரம் முழுக்க விடாமல் உழைத்திருந்தவன் குவைத் தம்பி. அவனுக்குச் சேர வேண்டிய விதைகளை அனுப்பிவிட்டு, "தம்பி, நல்லாருக்கீங்களா? வேலைக்குப் போறீங்கதானே?" என்று எழுதினேன். வழக்கமாக உடனே பதில் போடுகிறவன். பேருந்து திருச்சிக்குள் நுழையும்வரை, அவன் ஏதோ எழுதுவதும் நிறுத்துவதுமாகவே இருந்தான். நான் திரையை அணைக்காமல் காத்திருந்தேன்.