மிதிக்க மறுத்த கால்

என்னைப் பெற்றவளே, அம்மா,

நீ போன பிறகு என்னைத் திட்ட ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது ஆமத்தூரே திட்டுகிறது.

கால் முந்திப் பிறந்த பிள்ளை, மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று தெருவெல்லாம் பெருமையடித்தாயே, அதனால் வந்த வினை. யாருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும் குப்புறப் படுக்கவைத்து, என்னை மூன்று தரம் மிதிக்கச் சொல்வாய். எழுந்து போகிறவர்கள் என் கையில் வெல்லத்தைத் திணிப்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

உன் மருமகனுக்கு நடுமுதுகில் வலி. விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்றிருந்தோம். ஆனால் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. முதுகுத்தண்டில் ஓரிடம் மட்டும் புடைத்து நின்றதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "இது பிடிப்பு இல்லம்மா. காசநோய் எலும்பை அரிச்சிருக்கு. ஊசி போட்டு, மாவுக்கட்டுல மாசக்கணக்கா படுக்கணும். யாரையும் மிதிக்க மட்டும் விட்டுறாதீக. எலும்பு நொறுங்கி, காலு ரெண்டும் விழுந்துரும்."

மிதிக்கிறவளே நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்கு வந்தால் அத்தை பாயை விரித்து வைத்திருக்கிறார். "ஏளா, வெண்ணெய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதீகளே! ஊருக்கெல்லாம் மிதிச்ச காலு, கட்டுன புருசன்னா மட்டும் வலிக்குதோ?"

உன் மருமகனும் குப்புறப் படுத்துக்கொண்டு, "மிதி தாயி, உசுரு போகுது" என்று கெஞ்சினார். நர்சம்மா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன்; இருவர் காதிலும் ஏறவில்லை.

"வெட்டிப் போட்டாலும் மாட்டேன், அத்தை!"

"அப்ப சாத்தூர்ல கால் முந்திப் பொறந்தவ ஒருத்தி இருக்கா. அவளக் கூட்டியாரேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் திரும்புவதற்குள் வண்டி பிடித்து, உன் மருமகனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன்.

இப்போது மாவுக்கட்டில் கிடக்கிறார். கால் மரத்துப்போகிறது என்கிறார். போர்வைக்குள் கையை விட்டுக் கால்விரலைக் கிள்ளுகிறேன். அவர் "ஸ்" என்று சொல்லும்வரை எனக்கு மூச்சே வருவதில்லை.

நேற்று கேட்டார்: "நீ அன்னைக்கே மிதிச்சிருந்தா, இந்நேரம் வேலைக்குப் போயிருப்பேன்ல?"

நர்சம்மா சொன்னது சரிதானே அம்மா? அவர் நடக்காமலே போய்விட்டால், நான் மிதிக்காததால்தான் என்று ஊர் சொல்லாதா? அவரே சொல்வாரே.

சொல்லட்டும். எழுந்தாலும் எழாவிட்டாலும் அந்த முதுகில் எவர் காலும் பட விடமாட்டேன். நீயே எழுந்து வந்து மிதி என்றாலும் மிதிக்கமாட்டேன், அம்மா.

உன் சொல்லை முதல்முறையாகத் தட்டுகிற மகள்,
செல்லத்தாய்