நீ கேட்ட வெள்ளை வண்டி

புது வண்டியின் பின்கண்ணாடி ஓரத்தில் இன்று காலை வாசனைக்கு ஒரு கட்டுப் பண்டான் இலை வைத்தேன். புதிது என்றால் எனக்குத்தான் புதிது. முன்பு வைத்திருந்தவரின் சிகரெட் நாற்றம் இன்னும் போகவில்லை. வெயில் ஏறியதும் இலை வாடி வாசம் பரவியது. நம் பழைய காரில் நீ வைத்த வாசம் அது.

கிள்ளானில் அந்தப் பழைய கார் கடையில் இரண்டு வண்டிகளை மாறி மாறிப் பார்த்தோமே. ஒன்று உயரமான வெள்ளை வண்டி, ஆட்டோ கியர். ரொட்டிப் பெட்டி என்று நான் கேலி செய்தேன். மற்றது இரண்டே கதவுள்ள தாழ்வான சிவப்பு கார், கிளட்ச் மிதித்துக் கியர் போட வேண்டும். நீ நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்று, ஆட்டோ கியருக்கு மட்டுமான லைசென்ஸ் எடுத்திருந்த நேரம். வெள்ளை வண்டியில் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாய்.

"எனக்கு இது சரியா இருக்குங்க. தங்கச்சி வீட்டுக்கு நானே போய்க்குவேன்."

கடைக்காரர் என்னிடம், "செவப்பு எஞ்சின் சத்தத்தக் கேளுங்க பாஸ்," என்றார். அவ்வளவுதான், மயங்கிச் சிவப்பையே வாங்கிவிட்டேன். "அடுத்த வண்டி ஆட்டோதான் லா," என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். நீ சண்டை போடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் பூஜை போட்டபோது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் நீதான்.

அதன்பிறகு எங்கே போகவும் என்னைக் கேட்க வேண்டியதாயிற்று. "சனிக்கிழம கிள்ளானுக்கு, தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுறீங்களா?" என்பாய். எனக்குத் தூக்கமோ பந்து விளையாட்டோ இருக்கும். நீ பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவாய். ஒருநாள் உன் தங்கை, "அக்காகிட்டதான் லைசென்ஸ் இருக்கே மாமா?" என்று கேட்டாள். நீ முந்திக்கொண்டு, "எனக்கு ஹைவேன்னா பயம்டி," என்றாய். உனக்குப் பயமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அது என்னை இன்னும் குடைகிறது.

லைசென்ஸை மட்டும் வருஷம் தவறாமல் புதுப்பித்தாய். "ஓட்டாத வண்டிக்கு எதுக்கு?" என்று சிரித்தேன். "இருக்கட்டுங்க," என்றாய். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நீ இறந்துபோனபிறகு என் இடது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. செராஸ் நெரிசலில் கிளட்சை மிதிக்க முடியவில்லை. சிவப்பை விற்றுவிட்டு, அன்று நீ ஏறிப் பார்த்த மாதிரியே உயரமான ஆட்டோ கியர் வண்டி ஒன்றை வாங்கினேன். ஏறவும் சுகம், ஓட்டவும் சுகம். நீ அன்றே சொன்னாய்.

முழங்கால் கொஞ்சம் வலித்ததும் வண்டியை மாற்றிவிட்டேன். நீ வருஷக்கணக்கில் காத்திருந்தாய், மாற்றத் தோன்றவில்லை. இப்போது ஓட்டுகிற இருக்கையில் உட்காரும்போதெல்லாம் உன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே இருக்கிறது.