அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்தார்

15 மார்ச் 1988, செவ்வாய்

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. எங்கே தூங்குவது?

போலியோ வந்த என் காலுக்காக, கையாலேயே பிரேக் பிடிக்கும்படி காரை செராஸ் ஒர்க்‌ஷாப்பில் மாற்றினோம். லைசென்ஸும் எடுத்துவிட்டேன். ஆனாலும் சாவி அண்ணன் சட்டைப்பையில்தான் கிடக்கும். "நீ பேசாம உக்காரும்மா, நான் ஓட்டுறேன் லா" என்பார்.

இன்று ரோட்டெக்ஸ், அதாவது காருக்கு வருஷா வருஷம் கட்டும் சாலை வரியில் விலக்கு கேட்டு ஆபீசுக்குப் போனோம். ஊனமுற்றவரே ஓட்டும் காருக்குத்தான் விலக்கு. காரை யார் ஓட்டுவது என்று கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் பழக்கதோஷத்தில், "நான்தான்!" என்று மலாயில் சொல்லிவிட்டார், அதுவும் பெருமையாக.

அப்படியென்றால் விலக்கு கிடையாது என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! அவர் பையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஊன்றுகோலோடு வெளியே நடந்தேன். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். வாசலை ஒரு சுற்றுச் சுற்றி, காரை அவள் முன்னால் நிறுத்தினேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

வீட்டுக்கும் நான்தான் ஓட்டினேன். அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை பிரிக்ஃபீல்ட்ஸ் வரை மிதித்துக்கொண்டே வந்தார்.

சாப்பிட்டதும் மெல்லக் கையை நீட்டினார். "சாவியக் குடும்மா, சிகரெட் வாங்கிட்டு வரேன்."

"வாங்கண்ணே, நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க ஓட்டுனா அந்தப் பொண்ணு வரி போட்டுருவா."

முறைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய், இடப்பக்கக் கதவைத் திறந்தார்.