மூன்றாம் தூணில் உடைந்த கண்ணாடி

அனுப்புநர்:
நூலகர்,
நகர நூலகம்,
பாலத்தடித் தெரு.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்.

பொருள்: பழைய ரயில் பாலத்தின் மூன்றாம் தூணை நூற்றாண்டு விழா ரயிலுக்கு முன் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாலத்தின் நூற்றாண்டு மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அதற்காகப் பழைய பராமரிப்புப் பதிவேடுகளைப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

2. பாலம் கட்டி நாற்பதாம் ஆண்டில் வந்த வெள்ளத்தில் மூன்றாம் தூண் விரிசல் கண்டது. அன்றைய பொறியாளர் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டால் பதித்தார். தூண் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ரயில்கள் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் கடக்க வேண்டும் என்றும் விதித்தார். மாதந்தோறும் ஒருவர் இறங்கிப் பார்த்து, "கண்ணாடி முழுசு" என்று எழுதி வந்திருக்கிறார். கடைசிப் பதிவு பதினோரு ஆண்டுகளுக்கு முந்தையது.

3. சென்ற மாதம் விழாவுக்காகத் தூண்களைச் சுரண்டி வண்ணம் பூசினார்கள். கண்ணாடிகளும் போயின. விரிசல் தென்படவில்லை என்று வேகக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. நிலைய மேற்பார்வையாளரிடம் முறையிட்டேன். "பெயிண்ட் அடிச்சு அம்சமா இருக்கும்மா, இனிமே என்ன பயம்?" என்றார்.

4. காலை 6.40 வண்டியை ஓட்டுபவர் என் கணவர். "படிச்சவளக் கட்டினா பாலத்துமேலகூட பயந்துக்கிட்டேதான் போகணும்" என்று கேலி செய்தார். அவர் வண்டி அக்கரை சேரும் சத்தம் கேட்கும்வரை எனக்கு அடுப்படியில் கை ஓடுவதில்லை.

5. பத்தாம் தேதி ஆற்று மணலில் நடந்து போய், பதிவேடு சொன்ன இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, நூலகத்தின் உடைந்த ஜன்னல் கண்ணாடியிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை அந்த விரிசலின் குறுக்கே சிமெண்டால் பதித்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அது நடுவில் உடைந்திருந்தது. நான் பொறியாளர் அல்லேன். சிமெண்ட் காய்ந்து இறுகியதால் உடைந்திருக்கலாம். அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் மனம் கெஞ்சுகிறது.

துண்டுகளைப் பெயர்த்து வந்து கணவர் முன் வைத்தேன். அவர் கேலி பேசவில்லை. மறுநாள் தாமாகவே பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தைக் கடந்தார். நான்கு நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகக் குறிப்பாணை வந்துள்ளது.

6. ஞாயிறன்று பதினான்கு பெட்டி விழா ரயிலையும் அவரே ஓட்ட வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதில் இருப்பார்கள். அதற்குள் தூணைச் சோதித்து, அதுவரை பழைய வேகத்தையே விதிக்குமாறு மிகுந்த அச்சத்துடன் வேண்டுகிறேன்.

குறிப்பாணைக்கு உரிய விளக்கத்தைக் காகிதத்தில் பொதிந்து இத்துடன் இணைத்துள்ளேன். விளிம்பு கூர்மையானது, பிரிக்கும்போது விரல் கவனம், ஐயா.

இடம்: பாலத்தடித் தெரு
நாள்: 23, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்)
நூலகர்

இணைப்பு: கண்ணாடித் துண்டுகள் – இரண்டு.