பலகையில் நுழைந்த பை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், மலையேற்றப் பையைத் தரையில் படுக்கவைத்து டேப்பால் அளந்தேன். அகலம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். பக்கவாட்டுப் பாக்கெட் ஒன்று கிழிந்து தொங்குகிறது. ஒரு கொக்கியைக் காணோம்; அது போன மாதம் குகைக்குள்ளேயே தங்கிவிட்டது.

வெளியே நடக்க நல்ல பைதான். குகைக்கு ஆகாது. வார், கொக்கி, வெளிப்பாக்கெட் என்று எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கல் பிடித்துக்கொள்கிறது. பிறகு பின்னால் வருகிறவர் வந்து விடுவிக்கும்வரை புழுவைப் போலக் கிடக்க வேண்டும்.

எங்கள் குகைக் குழுத் தலைவருக்குப் பிளம்பர் வேலை. அதனால் எல்லோருக்கும் குழாயண்ணன். நேற்று ஃபோனில் சொன்னார்: "இருபத்திரண்டாம் தேதி புதுக் கிளைக்குள்ள போறோம். நாலே பேர். நீ வந்தா குகை வரைபடம் அன்னிக்கே முடிஞ்சிடும். ஆனா அந்தத் துணிமூட்டையோட வராதேம்மா. ஒழுங்கா ஒரு குகைப்பை வாங்கு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வேற ஆள்!

நில அளவை அலுவலகத்தில், யாரோ நடந்து அளந்த இடங்களை இருபது வருடமாக மேசையில் உட்கார்ந்து வரைகிறேன். இந்தக் குகை ஒன்றைத்தான் நானே தவழ்ந்து, நானே அளந்து, நானே வரைந்தேன். படத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. பாதை அதற்கப்பாலும் போகிறது, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதை வேறொருவர் போய் அழிப்பார் என்று நினைத்தாலே பொறுக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் இப்படி ஓர் ஆசையா?

மார்ச் 5, வியாழன்

கடைக்குப் போனேன். இரண்டு பைகள். இரண்டுமே லாரி மேல் போடும் தார்ப்பாய் போன்ற தடித்த துணி, உருளை வடிவம், கண்ணைப் பறிக்கும் மஞ்சள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள். வாயில் ஒரு வளையம் — கயிற்றில் இறங்கும்போது பை நம் முதுகில் இல்லாமல் இடுப்புக்குக் கீழே தொங்குவதற்கு. தவழும்போது அதையே காலில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

"பாக்கெட்டே இல்லையே?" என்றேன்.

"பாக்கெட் வேணும்னா சட்டை வாங்குங்க மேடம்" என்றாள் கடைக்காரப் பெண்.

ஒன்று இருபத்தைந்து லிட்டர், மற்றது நாற்பது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு கயிறு சுமக்க வேண்டும் என்பது குழாயண்ணன் சட்டம். சின்னதில் கயிறு, சாப்பாடு, மாற்று விளக்கு, என் அளவுப் பெட்டி எல்லாம் அடங்கும், ஆனால் அழுத்தி அழுத்தி வைக்க வேண்டும். பெரியதில் எல்லாம் போக மேலே ஒரு சாண் மிஞ்சும்.

பெரியதை வாங்கினேன்.

மார்ச் 7, சனி

திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்து வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

சின்னதைக் கொடுத்துவிட்டு மறுபடி பெரியது. இந்த முறை கடைக்காரப் பெண் கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை பார்க்கற மாதிரி இல்ல இருக்கு! ஒருத்தன் குட்டைங்கறே, ஒருத்தன் குண்டுங்கறே. எவனையாவது முடிச்சுத் தொலை."

சிரித்தேன். உள்ளே சிரிப்பு இல்லை.

மார்ச் 12, வியாழன்

அலுவலகத்தில் பாதி நாள் கோடு ஓடவில்லை. எழுந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

ஏன் பெரியது? யோசித்துப் பார்க்கிறேன். என் கைப்பையைப் பார்த்து அலுவலகத்தில் நடமாடும் பெட்டிக்கடை என்பார்கள். ஊசிநூல், தலைவலி மாத்திரை, இரண்டு பேனா தீர்ந்தால் மூன்றாவது, யாருக்காவது வேண்டியிருக்கும் என்று ஒரு குடை. மகன் வேலைக்கென்று வேறு ஊர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவனுக்கு மூக்கு ஒழுகுமே என்று வைக்க ஆரம்பித்த கைக்குட்டை இன்னும் இருக்கிறது. எதை விட்டுவிட்டுப் போவது என்று என்னால் முடிவெடுக்க முடியாது. சின்னப் பை அந்த முடிவைக் கேட்கிறது. பெரியது கேட்காது. அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 21, சனி

மத்தியானம் குழாயண்ணன் ஷெட்டில் பலகைச் சோதனை. குகையின் ஆகக் குறுகலான இடத்தை அளந்து, அதே வடிவத்தில் ஒட்டுப்பலகையில் ஓர் ஓட்டை வெட்டி நிறுத்தியிருக்கிறார். நிரப்பிய பை ஒரே தள்ளில் அதில் போய்விட வேண்டும். போன பிறகு குகை வாசல்வரை யாரும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு பிஸ்கட்கூடச் சேர்க்கக் கூடாது.

பல் டாக்டர் பெண்ணும் வருகிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் மூடாது. "அண்ணே, இதுல என் இடுப்பு போகுமான்னு முதல்ல பாருங்க. பை அப்புறம் போகட்டும்."

"உன் வாய் போனாப் போதும், மத்ததெல்லாம் தானா போயிடும்" என்றார் அவர்.

நான்காவது ஆள் நெட்டையன். பேசுவதே இல்லை, பையைத் தள்ளிவிட்டு ஓரமாக நின்றான்.

என் பை வழுக்கிக்கொண்டு போயிற்று. குழாயண்ணன் தட்டிக்கொடுத்தார் — என்னை இல்லை, பையை.

மார்ச் 22, ஞாயிறு, விடியற்காலை

இவர் எனக்கு முன்பே எழுந்து பிளாஸ்க்கில் டீ ஊற்றி வைத்திருக்கிறார். "உள்ளே ஜில்லுன்னு இருக்கும்னு நீதானே சொன்னே." ஃபிரிட்ஜ் கதவில், சாயந்திரம் ஏழு மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற சீட்டு. அதை நேராக ஒட்டினார். மறுபடி நேராக ஒட்டினார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பையில் அந்த ஒரு சாண் இடம் சும்மாதானே இருக்கிறது. கயிற்றுக்கும் துணிக்கும் நடுவில் சொருகிவிட்டேன். ஒரு பிளாஸ்க்தானே.

வண்டி வந்துவிட்டது.

மார்ச் 23, திங்கள்

விடுப்பு போட்டேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருக்கிறது. எழுதிவிட வேண்டும்.

முதலில் குழாயண்ணன் நுழைந்தார். பிறகு நான், பை என் கணுக்காலில் கட்டி. எனக்குப் பின்னால் டாக்டர், கடைசியில் நெட்டையன். குறுகலில் பாதி தூரம் போனதும் கால் வரவில்லை. இழுத்தேன். பை அசையவில்லை. மூச்சை விட்டுவிட்டு இழுத்தேன் — இன்னும் இறுகியது. பையின் அந்தப் பக்கம் டாக்டரின் முகம். அவளுக்கும் முன்னால் வழி இல்லை, பின்னால் நெட்டையன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான். தரையில் தண்ணீர் விரலளவு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா இழுங்க! இழுங்கக்கா! என்னால முடியல, நெஞ்சை அடைக்குது, இழுங்கன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரல். நாள் முழுக்கச் சிரிக்கிறவளின் குரலா அது?

நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மெதுவாகத்தான் பேசினேன். நெட்டையனைப் பின்னால் நகரச் சொன்னேன், அவளை எண்ணச் சொன்னேன். அவள் இருபதுவரை எண்ணி, அழுது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். நான் பின்னோக்கி நகர்ந்து காலால் பையை உதைத்தேன். மூன்றாவது உதைக்கு அவள் பக்கம் போய்விட்டது. நான்கு நிமிடம் இருக்குமா? நான் பின்வாங்கிக் குறுகலுக்கு வெளியே வந்தபோது அவள் கட்டை அவிழ்த்து, என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் போயிருந்த குழாயண்ணன் திரும்பி வந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்தார். "போதும். வீட்டுக்குப் போகலாம்."

கேள்விக்குறி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். பிளாஸ்க் இல்லை.

மார்ச் 25, புதன்

மத்தியானம் அலுவலக வரவேற்பில் டாக்டர். கையில் காகித உறை. "அக்கா, உங்க வீட்டுச் சாமான்."

அவள் பக்கம் பை வந்தபோது, கையில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. திறந்து எடுத்து, நான் பின்வாங்கி வருவதற்குள், அண்ணன் திரும்புவதற்குள் தன் பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டாள்.

"டீ மிச்சம் வைக்கல, மன்னிச்சிடுங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மாமா கிட்ட சொல்லுங்க, பல்லுக்கு ஆகாதுன்னு."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"எதுக்கு? நானும்தான் அந்தக் கத்து கத்தினேன். விடுங்கக்கா, நோயாளி காத்துட்டிருக்கார், வாயைத் திறந்து வெச்சுட்டு வந்திருக்கேன்."

போய்விட்டாள். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. பொய் எழுத மாட்டேன் — நிம்மதிதான் வந்தது.

மார்ச் 27, வெள்ளி

குழாயண்ணன் ஃபோன். ஏப்ரல் பன்னிரண்டு மறுபடி போகிறோமாம். "டாக்டர் வேண்டாம். நல்ல பொண்ணுதான், ஆனா உள்ளே ஆகாது."

"பை மாட்டினதாலதானே அண்ணே..."

"பை பலகையில போச்சு. நானே பார்த்தேன். அப்போ மாட்டினது பை இல்லம்மா, ஆளு. பயத்துல அவ அந்தப் பக்கம் இழுத்திருப்பா. நீ நிதானமா இருந்தே, அதனாலதான் சொல்றேன் — அடுத்த தடவை எனக்குப் பின்னாடி நீதான்."

"சரிண்ணே" என்றேன்.

எப்படிச் சொன்னேன் அதை? எந்த வாயால்?

அவருக்குத் தன் பலகை மேல் அவ்வளவு நம்பிக்கை. பலகை பொய் சொல்லவில்லை. பலகைக்கு அப்புறம் கை வைத்தவள் நான்.

மார்ச் 28, சனி

காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. துணி காயப்போட்டேன், எடுத்தேன், ஈரம் என்று மறுபடி போட்டேன். "என்ன ஆச்சு உனக்கு? குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறே" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன். இவரிடம் சொன்னால் டீ ஊற்றிக் கொடுத்தது தன் தப்பு என்று எடுத்துக்கொள்வார். கொடுத்தது அவர்; திறந்து வைத்தது என் கை.

டாக்டருக்கும் ஃபோன் பண்ணவில்லை. பண்ணினால் வேண்டாம் என்பாள், நான் அதைப் பிடித்துக்கொள்வேன்.

நாளைக் காலை ஷெட்டுக்குப் போகிறேன். அவர் கருவிகளைத் துடைக்கிற நேரம், வேறு யாரும் இருக்க மாட்டார்கள். பலகைக்குப் பிறகு திறந்தேன், பிளாஸ்க் வைத்தேன், மாட்டியது அதுதான் — இந்த மூன்றையும் சொல்வேன். அந்த மனிதருக்குப் பலகைச் சட்டம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். மன்னிக்கிற விஷயம் இல்லை.

சாயந்திரம் உட்கார்ந்து குகைப் படத்தைச் சுத்தமாக ஒரு பிரதி எடுத்தேன். எந்த அளவை எந்தக் கல்லிலிருந்து தொடங்க வேண்டும், எங்கே திசைகாட்டியை விளக்கிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் ஓரத்தில் எழுதினேன் — எனக்கு மட்டும் புரிகிற என் கிறுக்கலில் இல்லை, யார் எடுத்துப் போனாலும் படிக்கிற மாதிரி, குண்டு குண்டாக.